ஊர் கவனிக்காத வேகத்தில் உடம்பைக் குறைப்பது

மட்டக்களப்புப் பக்கம் ஒருவர் மெலிந்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மனே, ஏதும் வருத்தமா?" என்பதுதான். இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ குறைத்தவரிடம் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. அந்த வேகத்தில் இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது, முடி கொட்டுகிறது, பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. மறுகா பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் போன எடை வட்டியோடு திரும்பி வருகிறது.

எனக்கு 84 கிலோவிலிருந்து 72க்கு வரப் பதினாறு மாதம் எடுத்தது. முதல் ஐந்து மாதம் எதிர்வீட்டாருக்குக்கூடத் தெரியவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அவசரமில்லாத வேகத்தைத்தான் சொல்வேன். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நன்று, ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். மாதத்துக்கு ஒரு கிலோதான் இறங்குகிறது என்றாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்த அரைக் கிலோ எங்கிருந்து வந்தது? உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரியைச் சேமித்து வைத்திருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500, அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ. காகிதத்தில் இருப்பது போல உடம்பு அவ்வளவு நேர்த்தியாக நடந்துகொள்ளாது, ஆனாலும் தொடங்குவதற்கு இந்தக் கணக்குப் போதும். 500 கலோரியைக் குறைக்கப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் அது மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: சோற்றுப் பானை, தேத்தண்ணிக் கோப்பை, பொரிக்கிற தாச்சி.

தொடங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

எடையை மட்டும் பார்க்காமல் இடுப்பையும் அளக்க வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் நுனிக்கும் நடுவில் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு அளவுங்கள். வயிற்றை உள்ளே இழுப்பது உங்களை நீங்களே ஏமாற்றுவது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நம்மவர்களுக்குக் கையும் காலும் மெலிவாக இருக்க வயிறு மட்டும் முன்னால் வருவது வழக்கம். நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் அந்த வயிற்றுக் கொழுப்புத்தான் வாசல்.

உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்க, கிலோவை மீற்றர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் இன்னும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியான ஆய்வுக் குறிப்பில் சொன்னது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது ஏறக்குறைய 63 கிலோ. உடனே அந்த எண்ணைப் பிடிக்க ஓடாதீர்கள். இப்போதுள்ள எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைந்தாலே பிறசரும் (இரத்த அழுத்தம்) இரத்தத்திலுள்ள சீனியும் நல்ல மாற்றம் காட்டும். 80 கிலோ உள்ளவருக்கு அது நான்கிலிருந்து எட்டுக் கிலோ. முதல் இலக்காக அதை வையுங்கள், காலம் ஆறு மாதம். நீரிழிவு வரும் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு ஏழு எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்ற இலக்கோடு முயன்றவர்களுக்கு, வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் சீனி, பிறசர் பார்த்ததில்லை என்றால், பக்கத்து அரச வைத்தியசாலைக்கு ஒரு காலை நேரம் போய் வாருங்கள். பல வைத்தியசாலைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வரச் சொல்வார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சிலர் மருத்துவரோடு பேசாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசை எடுக்கிறவர்களும் முதலாவது. குளிசை அப்படியே இருக்கச் சோறு மட்டும் குறைந்தால் இரத்தத்தில் சீனி சடாரென இறங்கும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கட்டுரை போதாது. இன்னொன்று: நீங்கள் ஒன்றுமே செய்யாமல் எடை இறங்கிக்கொண்டு வந்தால் சந்தோசப்படாதீர்கள். நீரிழிவு, தைரொயிட், காசநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், போய்க் காட்டுங்கள்.

முதல் வேலை சுண்டில்தான்

சோற்றை விட்டுவிடு என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் சாப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்போகம் வெட்டி வீட்டுக்கு நெல் வந்திருக்கும் மாதத்தில், மூன்று நேரமும் அரிசியும் அரிசி மாவும் என்று வளர்ந்த ஒருவரைச் சோறில்லாமல் இருக்கச் சொன்னால் பத்து நாள் இருப்பார். பதினோராம் நாள் பானையே காலியாகிவிடும்.

நான் செய்தது வேறு. தட்டில் குறைக்கவில்லை, பானையில் குறைத்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மதியம் மூன்றரைச் சுண்டு (அரிசி அளக்கும் பேணி) அரிசி போடுவார்கள். ஒரு சுண்டு அரிசி சுமார் 200 கிராம், அதாவது 700 கலோரி. அதை மூன்றாக்கினோம், யாரும் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டரை. ஒரு சுண்டு குறைந்ததில் ஆளுக்கு 175 கலோரி போயிற்று. இரவிலும் அதே போலச் செய்தால் நாளுக்கு 350. யாருடைய தட்டையும் பார்த்து "உனக்குப் போதும்" என்று சொல்ல வேண்டி வரவில்லை.

ஆனால் வெறுமனே சோற்றைக் குறைத்தால் நாலு மணிக்குப் பசிக்கும். அந்த இடத்தை நிரப்ப வேண்டும். தட்டில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ. முருங்கையிலைச் சுண்டல், பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய், புடலங்காய் எல்லாம் இந்தப் பாதிக்குள் வரும். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் வராது, அவை சோற்றின் கூட்டாளிகள். மீன் விசயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள்: ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். பெரிய பாரைத் துண்டுதான் வேண்டும் என்றில்லை, சின்ன மீன்களான சூடையும் கீரியும் மலிவு, புரதமும் குறைவில்லை. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும். எடை குறைகிற காலத்தில் தசையைக் காப்பதும் பசியை அடக்குவதும் அதுதான். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பு, பயறு, கடலை, கௌபி.

சிவப்பு அரிசி நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார் கூடுதல், பசி தாங்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கலோரியில் வெள்ளையரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிவப்பு என்பதற்காக மலை மாதிரிப் போட்டால் மலை மாதிரித்தான் சேரும்.

இங்கே கலியாணம் கட்டிய ஆண்களில் நிறையப் பேர் மனைவி வீட்டில்தான் இருக்கிறோம். மருமகனுக்கு இரண்டாம் முறை சோறு போடாமல் விடுவது மாமிக்கு மரியாதைக் குறைவு. வேண்டாம் என்றால் முகம் வாடும், கறி பிடிக்கவில்லையோ என்று மூன்று நாள் யோசிப்பார். இதற்கு நான் கண்டுபிடித்த வழி, அகப்பை வரும் முன்பே "மாமி, அந்தக் கீரையில இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்பது. கேட்டுச் சாப்பிட்டதில் அவருக்கும் மகிழ்ச்சி, சட்டியும் காலி.

வீட்டுப் பெண்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர், பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டித் துண்டையும் பானை அடியில் கிடக்கும் சோற்றையும் வீணாகக் கூடாதென்று முடித்துவிடுவார். அது கணக்கிலேயே வருவதில்லை. சமைத்து முடிந்ததும் உங்கள் பங்கை முதலில் ஒரு தட்டில் எடுத்து மூடி வையுங்கள். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியப் பழஞ்சோறு.

புட்டும் இடியப்பமும் சோற்றின் இன்னொரு உருவம்தான். புட்டு ஒரு குழல் என்றால் அரைக் குழல். தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைவது ஞாயிற்றுக்கிழமைக்கு. எருமைத் தயிரை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. சட்டித் தயிரில் புரதம் இருக்கிறது, கொழுப்பும் தாராளமாக இருக்கிறது. சின்னக் கோப்பையில் அரைவாசி, பாணி ஊற்றாமல்.

தேத்தண்ணி

இரண்டாவது மாதம் இதைத் தொடுங்கள், முதல் மாதமே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு பிளேன்ரீக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை. தேக்கரண்டி ஐந்து கிராம் என்றால் 75 கிராம் சீனி, 300 கலோரி. 2,000 கலோரி சாப்பிடுகிறவர் நாளுக்கு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேத்தண்ணியிலேயே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம்.

ஒரேயடியாக நிறுத்தினால் தலைவிறைப்பும் கோபமும்தான் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். இப்போது யாராவது பழைய அளவில் ஊற்றித் தந்தால் எனக்குப் பாணி குடிப்பது போல இருக்கிறது. சீனியில்லாத பிளேன்ரீயோடு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொள்வதும் ஒரு வழி. பனங்கட்டியில் கலோரி குறைவு என்று நினைத்துவிட வேண்டாம், துண்டு சின்னது என்பதுதான் அதிலுள்ள நன்மை.

சோடாப் போத்தல்களில் 2016 ஓகஸ்ட் முதல் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2இலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். 400 மில்லிலீற்றர் செம்மஞ்சள் போத்தலில் 44 கிராம் வரை இருக்கலாம், கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி.

பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்த நேரம் வீட்டில் அவித்த கடலை இருந்தால் பணிஸ் வாங்கக் கால் போகாது, அவ்வளவுதான்.

எண்ணெயும் தேங்காயும்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விலை கூடின எண்ணெய், எல்லாம் ஒன்றுதான். போத்தலைச் சரித்து ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள், அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும். பொரித்த மீனை வாரம் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு மற்ற நாள் ஆணமாக வையுங்கள். கட்டிப்பாலுக்குப் பதில் இரண்டாம் பாலில் சொதி வைத்தாலும் ருசி கெடாது. இரவுக் கொத்து ரொட்டி ஆளுக்கு ஒன்று என்றால், அடுத்த முறை இரண்டு பேருக்கு ஒன்று.

நடை

மட்டக்களப்பு வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் நடையால் மட்டுமே மெலிந்துவிடலாம் என்று நம்புகிறார்கள். 75 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் எரிவது சுமார் 140 கலோரி, முக்கால் கோப்பைச் சோறு. நடந்துவிட்டு வரும் வழியில் இரண்டு வடையும் ஒரு பால்தேத்தண்ணியும் எடுத்தால் கணக்கு நேர் எதிராகிவிடும். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில். நடை, இறங்கின எடையைத் திரும்ப ஏறவிடாமல் பிடிக்கும், சீனியையும் பிறசரையும் அடக்கும், நித்திரையைத் தரும். அதற்காகவே நடக்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு, ஒரு நாள் அரை மணி, ஐந்து நாள். இதுவரை நடந்தே பழக்கமில்லை என்றால் முதல் வாரம் பத்து நிமிடம் போதும். 1924இல் கட்டிய பழைய பாலம் கிட்டத்தட்ட 300 மீற்றர், போய் வந்தால் 600. அப்படி நாலு தரம் என்றால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகம் அதுதான். பாடுவதை வாவியிலுள்ள பாடும் மீனுக்கு விட்டுவிடுங்கள்.

நேரம் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்கே வெயில் கொளுத்தும், ஆறரைக்குள் முடித்துவிடுங்கள் அல்லது மாலையில் போங்கள். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வியர்வை வர நடக்கும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். போவது தண்ணீர், இரண்டு கிளாஸ் குடித்ததும் திரும்பிவிடும், நடுவில் மயங்கி விழுந்தால்தான் நட்டம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் இருப்பவர்களுக்கு இந்த "அதிகாலை" அறிவுரை பொருந்தாது: யானை நடமாடும் பாதையில் இருட்டோடு நடக்கக் கூடாது, நன்றாக விடிந்த பிறகு போங்கள். தனியாக ரோட்டில் நடக்கத் தயங்கும் பெண்கள் அயலில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கோயில் வீதியையோ பாடசாலை மைதானத்தையோ சுற்றலாம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் படலையில் வந்து கூப்பிடுவார், அந்தக் கூப்பிடுதல் எந்தப் போன் செயலியையும் விட வலியது.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கதிரையில் கையூன்றாமல் பத்து முறை எழும்பி உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் பிடித்துத் தூக்குவது, இவை போதும். முழங்கால் வலி இருந்தால் கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குங்கள்.

தூள் வாங்கின கதை

நானும் ஒருமுறை ஏமாந்தேன். பேர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் "மூலிகை" என்று எழுதிய தூள், பதினைந்து நாளில் ஏழு கிலோ என்றார்கள். மூன்று நாள் வயிற்றால் போனது. தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது, ஒரு கிழமையில் அது அப்படியே திரும்பியது. பேதி மருந்து கலந்தால் தண்ணீர் போகும், கொழுப்புப் போகாது. இன்னும் மோசமானவையும் உண்டு. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் "இயற்கை" என்று விற்ற மெலிவு மருந்துகளில் அது கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் கண்டுபிடித்தார்கள். செமக்ளுடைட் போன்ற ஊசிகள் உண்மையான மருந்துகள், ஆனால் மருத்துவர் எழுதித் தந்து, அவர் பார்வையில் எடுக்க வேண்டியவை.

சடங்கு, நோன்பு, கலியாணம்

கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் சர்க்கரை அமுதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிரசாதம் ஒரு கையளவு, யாருக்கும் அது பாரமாகாது. கந்தசஷ்டி ஆறு நாள் விரதத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் பெரும்பங்கு தண்ணீர், ஏழாம் எட்டாம் நாளே திரும்பும். விரதத்தை வழிபாடாக எடுங்கள், எடைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரமழானில் காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்களில் சிலர் எடை கூடித்தான் பெருநாளுக்கு வருகிறார்கள். பகல் முழுக்கப் பசித்திருந்துவிட்டு இஃப்தாரில் சமோசாவும் ரோல்ஸும் சர்பத்தும் ஒன்றாகச் சேர்வதுதான் காரணம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி, அதோடு தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டால் பசி பாதி ஆறியிருக்கும். சஹன் என்ற பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடும்போது உங்கள் பங்கு எவ்வளவென்றே தெரியாது. மெதுவாகச் சாப்பிடுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சீனிக் குளிசை எடுக்கிறவர்கள் நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் காண வேண்டும்.

தராசு அசையாமல் நிற்கும்போது

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நாள், காலைக்கடன் முடித்து ஒன்றும் சாப்பிடாமல் நிறுங்கள். தினமும் நிறுத்தால் பைத்தியம் பிடிக்கும்: முதல் நாள் இரவு கருவாடு சாப்பிட்டாலே உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தாலும் துள்ள வேண்டாம், அதில் நிறையத் தண்ணீர்.

மூன்று நான்கு மாதத்தில் எடை நிற்கும், எல்லோருக்கும் நிற்கும். 84 கிலோ உடம்புக்கு வேண்டிய அளவு 77 கிலோ உடம்புக்கு வேண்டாம், அது ஒரு காரணம். இன்னொன்று நாமே. எனக்கு நின்றபோது ஒரு வாரம் மறுபடி சுண்டை அளந்து பார்த்தேன், இரண்டரை எப்போதோ மூன்றாகியிருந்தது. முதலில் இதைத் தேடுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் நடையைப் பத்து நிமிடம் கூட்டுங்கள், நித்திரை ஏழு மணி நேரம் வருகிறதா என்று பாருங்கள். இடுப்பையும் அளவுங்கள், தராசு நின்ற மாதத்தில் நாடா இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருக்கலாம். கோபத்தில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடாதீர்கள். பெண்கள் 1,200, ஆண்கள் 1,500 கலோரிக்குக் கீழே மருத்துவ மேற்பார்வை இல்லாமல் போகக் கூடாது.

ஐந்தாறு கிலோ குறைந்ததும் பிறசர், சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்கள் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் கொப்பியோடு போய்க் காட்டுங்கள். எழும்பும்போது தலைசுற்றினால் அன்றே போங்கள். அளவைக் குறைப்பதா இல்லையா என்பதை அவர்கள் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இலக்கைத் தொட்ட பிறகும் வார நிறுவையை விடாதீர்கள். நான் 74ஐக் கண்டால் அடுத்த திங்கள் சுண்டை அளக்கச் சொல்வேன். மாமி இப்போதும் எனக்கு ஏதோ வருத்தம், மறைக்கிறேன் என்றுதான் நினைக்கிறார். போன மாதம் கிளினிக் கொப்பியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பைச் சோறு போட்டார்.